ஒரு ஜாலா கங்கை

பவானிபூரில் அந்தச் சந்துக்கு கார்ப்பரேஷன் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த வருஷக் கோடையில் பால்காரனிலிருந்து பல்லக்குத் தூக்குகிறவன் வரை எல்லாரும் 'மத்ராஜி கின்னியின் சந்து' என்றுதான் சொன்னார்கள். கின்னி என்றால் வங்காளியில் வீட்டு எஜமானியம்மாள். மரியாதைக்காக ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்கள். பாகீரதிக்கும் அது தெரியும். "சொல்லட்டுமே, நன்னாத்தானே இருக்கு" என்று சிரித்துக்கொண்டாள். அவள் பிறவியே அப்படி.

அவள் கணவர் சிவராமகிருஷ்ணன் சர்க்கார் கணக்கு ஆபீஸில் பெரிய குமாஸ்தா. கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆபீஸில் அவரைக் கண்டால் கீழே இருக்கிறவர்கள் நடுங்குவார்களாம். வீட்டில் நடுங்குகிற முறை அவருடையது. பாகீரதி ஒன்றை நம்பிவிட்டால் அதற்கப்புறம் மனுஷர்களும் சரி, தெய்வமும் சரி, அவளுக்கு வழிவிட்டுத்தான் நின்றாக வேண்டும்.

அந்தக் கோடையில் அவள் கொசுவை நம்பினாள்.

சும்மா நம்பவில்லை. அவளுக்கு ஒரே பெண், சாவித்ரி. அலிப்பூரில் கோர்ட்டு உத்தியோகத்திலிருந்த மகாதேவனுக்குக் கொடுத்திருந்தார்கள். போன தரம் சாவித்ரி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த இடத்தில்தான் அந்தப் பாழும் மலேரியா காய்ச்சல் வந்தது. நடுக்கம், அப்புறம் அனல், அப்புறம் வேர்வை, ஒருநாள் விட்டு மறுபடியும் நடுக்கம். கடைசியில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதன் முகத்தை யாரும் சாவித்ரிக்குக் காட்டவில்லை. பாகீரதி மட்டும் பார்த்தாள். பார்த்ததைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருஷம் மறுபடியும் சாவித்ரி ஏழாம் மாதத்தில் தாய்வீடு வந்தாள். கொண்டுவந்து விட்டவள் மாமியார் அனந்தலக்ஷ்மி. கெட்டவள் இல்லை. ஆனால் பேச்சில் சர்க்கரை சேர்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"மாமி, போன தரம் நடந்ததுக்கு நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டேனா? கேக்கலை. இந்தத் தரம் உங்காத்துல யாருக்காவது காய்ச்சல்னு காதுல விழுந்துதோ, அன்னிக்கே வண்டியோட வந்து இவளை அழைச்சுண்டு போயிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது."

"தாராளமா வாங்கோ. வந்தா காபி குடுத்து அனுப்பறேன். காய்ச்சல் வந்தாத்தானே?" என்றாள் பாகீரதி.

சொல்லிவிட்டாளே தவிர, சும்மா இருக்கவில்லை. மறுநாளே இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, ஹரிசாதன் டாக்டரை வரவழைத்தாள். இன்னொன்று, ராமேஸ்வரத்து ராமநாதஸ்வாமிக்கு வேண்டிக்கொண்டாள்.

முதலில் வேண்டுதல். நம் பக்கத்தில் ஒரு சொம்பு கங்கை வேண்டுமென்றால் காசிக்குப் போகவேண்டும். அதை ஈயம் வைத்து அடைத்துப் பொக்கிஷம் மாதிரி ராமேஸ்வரம் கொண்டுபோய் அபிஷேகம் பண்ணினால் ஜன்மம் கடைத்தேறியது என்று அர்த்தம். பாகீரதிக்கோ கங்கை நடந்துபோகிற தூரத்தில் ஓடிற்று. காளிகாட் படித்துறையில், கங்கையின் பழைய கிளையான ஆதிகங்கையில் முழுகி எழுந்தவள், ஈரப்புடவையோடு தெற்கே பார்த்துக் கையைக் கூப்பினாள். "ராமநாதா! ஊர்ல எல்லாரும் உனக்கு ஒரு சொம்புதானே கொண்டு வரா? எனக்குக் கங்கை வாசல்ல ஓடறது. என் பொண்ணு நல்லபடியாப் பெத்துப் பிழைச்சா, ஒரு ஜாலா நிறையக் கொண்டு வந்து உன்னைக் குளிப்பாட்டறேன்!"

ஜாலா என்பது வங்காளிகள் தண்ணீர் சேர்த்து வைக்கிற பெரிய மண் ஜாடி. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். புதிசாக ஒன்று வாங்கி, மூன்று தரம் கழுவி, சமையலறைக்குப் பின்னாலிருந்த மடி அறையில் வைத்தாள். அந்த அறைக்குள் குளித்து மடியுடுத்திய பாகீரதியைத் தவிர வேறு ஈ காக்கை நுழையக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் விடியற்காலையில் டிராம் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் துறைக்குப் போய் முழுகி, குடம் நிறையக் கங்கை எடுத்து வந்து, அந்த இருட்டறையில் ஜாலாவில் கவிழ்ப்பாள். ஸ்வாமிக்கென்று வைத்த தண்ணீர். ஊற்றுவதுதான் உண்டு, ஒரு சொட்டு எடுப்பது கிடையாது. ஜாலாவுக்கு மண்மூடி கடைத்தெருவில் கிடைத்தது. ஆனால் விற்கிறவள் மீன்காரிக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தாள். அதை வாங்கி ஸ்வாமி தீர்த்தத்தின் தலையில் வைப்பதா? கல்யாணச் சீரில் வந்த தன் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து மேலே வைத்தாள். வாய்க்குச் சரியாகப் பொருந்தவில்லை, ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேண்டுதலைக் கேள்விப்பட்டு அனந்தலக்ஷ்மி சும்மா இருப்பாளா? "எனக்கு மட்டும் பேரன் இல்லையா? நானும் எங்காத்துல ஒரு ஜாலா ரொப்பறேன்" என்று சொல்லியனுப்பினாள். சம்பந்திகளுக்குள் அந்தப் போட்டி வேறு.

இனி டாக்டர். ஹரிசாதன் டாக்டர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். பாகீரதி கதவுக்குப் பின்னால் நின்றாள். நடுவில் சிவராமகிருஷ்ணன், இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ் என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலேரியா கெட்ட காற்றால் வருவதில்லை, கொசு கடித்துத்தான் வருகிறது, இதே கல்கத்தாவில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்றார் டாக்டர். எல்லாக் கொசுவும் இல்லை, ஒரு ஜாதிக் கொசு. அது தண்ணீரில் முட்டையிடும். முட்டை கூத்தாடிப் புழுவாகும். சாதாரணக் கொசுவின் கூத்தாடி தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். காய்ச்சல் கொசுவின் கூத்தாடி தண்ணீர் மட்டத்தில் துரும்பு மாதிரி நீட்டிப் படுத்திருக்கும். தேங்கின தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத குளம் குட்டையில் மண்ணெண்ணெய் விட வேண்டும். கர்ப்பிணி கொசுவலைக்குள் இருக்க வேண்டும்.

சிவராமகிருஷ்ணன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து அரைகுறை வங்காளியில் குரல் வந்தது. "அந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும்?"

டாக்டர் திடுக்கிட்டுப் போனார். "ரொம்பத் தூரம் பறக்காது, மா. நாலு வீடு, ஐந்து வீடு."

"அப்போ இந்தச் சந்து முழுக்க என் பொறுப்பு" என்றாள் பாகீரதி.

அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள். கார்ப்பரேஷன் ஆட்கள் வந்தால் வாசலோடு சரி. அந்தப்புரத்துக்குள் அவர்கள் தலை நீட்ட முடியாது. தண்ணீரெல்லாம் இருப்பதோ உள்ளே. பாகீரதிக்கு என்ன தடை? ஆண்கள் ஆபீஸ் போனதும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக ஒவ்வொரு வீடாக நுழைந்தாள். குடித்துப் போட்ட இளநீர் மட்டைகளை உதைத்துக் கவிழ்த்தாள். எறும்பு ஏறாமலிருக்கச் சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கடியில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணங்களில் மண்ணெண்ணெய் விட்டாள். பூஜாடி, புறாவுக்கு வைத்த சட்டி, மாடியில் உடைந்து கிடந்த வாளி, எதையும் விடவில்லை. ஒரு கிண்ணத்தில் கூத்தாடியைப் பிடித்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்தேளா, இது தலைகீழாத் தொங்கறது, இது வெறும் கடிக்கொசு. படுத்துண்டிருந்தா அது எமன்!" அவள் வங்காளியில் பாதி தமிழ், மீதி அதட்டல். எல்லாருக்கும் நன்றாகவே புரிந்தது.

சண்டை வந்தது பக்கத்து வீட்டில்தான். கோஷால் வீட்டு மோக்ஷதா பாகீரதியைப் போலவே வாய்க்காரி. அவளைப் பாகீரதி வங்காளி வழக்கப்படி 'தீதி', அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் வீட்டுப் பின்னால் சின்னக் குளம் ஒன்று, அதில் அவள் ஆசையாக வளர்த்த மீன்கள். கோடையில் குளம் வற்றி ஒரு மூலையில் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. பாகீரதி அந்த மூலையில் மண்ணெண்ணெய் டின்னைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள். மறுநாள் காலையில் மீன்கள் மல்லாந்து மிதந்தன.

"ஓ மா கோ! என் மீனையெல்லாம் கொன்னுட்டாளே! நீ திங்கலேன்னா யாரும் திங்கக் கூடாதா?" என்று மோக்ஷதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"தீதி, அந்தக் குளத்துல படுத்துண்டிருந்த கூத்தாடியை என் கண்ணால பார்த்தேன். போன வருஷம் என் பொண்ணோட குழந்தையைத் தின்னது உன் குளம்தான். மீன் வேணும்னா சந்தையில வாங்கிக்கோ. எனக்குப் பேரனை எந்தச் சந்தையில வாங்கறது?" என்று பாகீரதியும் கத்தினாள்.

அதற்கப்புறம் மோக்ஷதா அடிக்கடி எதிர்ச் சாளரத்திலிருந்து முறைப்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் படுக்கையறைச் சாளரமும் பாகீரதியின் மடி அறைச் சாளரமும் ஒன்றுக்கொன்று நேர்.

பலன் இல்லாமலா போகும்? சித்திரை பாதி போவதற்குள் சந்தில் காய்ச்சல் நின்றது. போஸ்டாபீஸில் கொயினா மாத்திரை வாங்க இந்தச் சந்திலிருந்து ஆள் வருவதில்லை என்று போஸ்ட்மாஸ்டரே ஆச்சரியப்பட்டாராம். மேற்பார்வைக்கு வந்த கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் பாகீரதி வீட்டு வாசலில் நின்று ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். பாகீரதிக்குத் தலைகால் புரியவில்லை. சாவித்ரியைக் கொசுவலைக்குள் உட்கார்த்தி வைத்து, வலைக்கு வெளியிலிருந்து விசிறிக்கொண்டே கதை கதையாகச் சொன்னாள்.

"அம்மா, புழுங்கறதும்மா. ஒரு நாழி வெளியில வரேனே. நான் என்ன கூண்டுல வளர்க்கற கிளியா?"

"வெளியில வந்தா காலை ஒடிப்பேன். இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் நீயும் உன் பிள்ளையும் ஆத்தங்கரையில போய் உருளுங்கோ, யார் வேண்டாம்னா?"

வைகாசி பிறந்தது. குளம் சுத்தமாக வற்றி வெடித்துப் போயிற்று. சாக்கடைகூடக் காய்ந்தது. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கக் காணோம். அப்படிப்பட்ட நாளில் சிவராமகிருஷ்ணன் ஆபீஸிலிருந்து பாதியிலேயே திரும்பி வந்து, அந்த வெயிலில் ரஜாய்ப் போர்வையைக் கொண்டு வா என்றார். பல் கிடுகிடு என்று அடித்துக்கொண்டது.

பாகீரதி கொண்டு வந்து போர்த்தினாள். அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். போன தரம் சாவித்ரிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

டாக்டர் வந்தார், கொயினா கொடுத்தார், தலையைச் சொறிந்துகொண்டார். "மழைக்கு அப்புறம் வந்தாலும் வரலாம். இந்த வறட்சியில் இது எங்கேயோ ரொம்பக் கிட்டத்தில் பிறந்து வருகிறது, மா. தெளிந்த தண்ணீர், நிழலில் ஆடாமல் அசையாமல் இருக்கிற தண்ணீர், அதுதான் இந்த ஜாதிக்குப் பிடிக்கும். வீட்டுக்குள் பாருங்கள்."

பார்க்காமல் இருப்பாளா? பாத்திரம் பாத்திரமாகக் கவிழ்த்தாள். காக்கைக்கு வைக்கிற கொட்டாங்கச்சியைக்கூட விடவில்லை. மடி அறைக்குள் மட்டும் தேடவில்லை. தேட வேண்டும் என்று தோன்றினால்தானே தேடுவதற்கு? கங்கையில் புழு வைக்காது, எத்தனை வருஷமானாலும் கெடாது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம். சூரியன் கிழக்கே உதிக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவார்களா?

இரண்டு நாள் கழித்து மோக்ஷதா கொல்லைக் கதவை இடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. நேற்றெல்லாம் நடுக்கம், இன்றைக்குக் காய்ச்சல் விட்ட நாள். "என் மீனும் போச்சு, எனக்கு ஜுரமும் வந்தாச்சு! இது எந்த ஊர் நியாயம்? எல்லார் வீட்டுலயும் நுழைஞ்சு பார்த்தியே, இப்போ உன் வீட்டைக் காட்டு!"

"பாரேன். யார் வேண்டாம்னா?" என்று பாகீரதி கதவை அகலத் திறந்தாள். மோக்ஷதா கூடம், முற்றம், மாடி எல்லாம் பார்த்தாள். தேங்கின தண்ணீர் ஒரு கிண்ணம்கூட அகப்படவில்லை. கடைசியில் மடி அறைக் கதவைக் காட்டினாள். "அங்கே?"

"அது மடி அறை, தீதி. நீ உள்ளே வரப்படாது. அங்கே ஸ்வாமிக்கு வெச்ச கங்கைதான் இருக்கு."

கங்கை என்றதும் மோக்ஷதா கையைக் கூப்பி நெற்றியில் வைத்துக்கொண்டாள். "அப்படின்னா சரி" என்று திரும்பிப் போனாள். பாவம், அவளுக்கும் அதே நம்பிக்கைதான்.

சிவராமகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் என்கிற செய்தி அலிப்பூர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையில் வாசலில் வாடகைக் குதிரைவண்டி நின்றது. அனந்தலக்ஷ்மி இறங்கி வந்தாள். கோபமாக வந்திருந்தால் பாகீரதி சமாளித்திருப்பாள். அவள் அழுதுகொண்டு வந்தாள்.

"மாமி, நான் சண்டை போட வரலை. இன்னொரு தரம் அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. இவளை என்கூட அனுப்பிடுங்கோ. ராகுகாலத்துக்கு முன்னாடி கிளம்பிடறோம்."

"நான் பார்த்துக்கறேன் மாமி. வலைக்குள்ளேயே வெச்சிருக்கேன், ஒரு கொசு அண்டலை..."

"உங்காத்து மனுஷாளையே உங்களால காப்பாத்த முடியலையே!"

வாழ்க்கையில் பாகீரதியை யாரும் இப்படி ஒரு வார்த்தையில் உட்கார வைத்ததில்லை. காய்ச்சல் இருக்கிற வீட்டில் கர்ப்பிணியை வைத்துக்கொள் என்று எந்த முகத்தோடு சொல்வது? சாவித்ரி வலைக்குள்ளிருந்து இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, கிளம்பட்டும்" என்றாள் பாகீரதி.

"வண்டி ஏறறதுக்கு முன்னாடி அந்த வேண்டுதல் தீர்த்தத்தைக் கொஞ்சம் கொண்டு வாங்கோ. தலையில தெளிச்சு, ஒரு உத்தரணி வாயில விட்டு அழைச்சுண்டு போறேன். ராமநாதன் கோவிச்சுக்க மாட்டான்" என்றாள் அனந்தலக்ஷ்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பாகீரதி குழாயடியில் குளித்தாள். மடியுடுத்தி, செம்பை எடுத்துக்கொண்டு மடி அறைக்குள் போனாள். தாம்பாளத்தை நகர்த்தினாள். இருட்டில் ஏதோ முகத்தில் மெல்ல உரசிவிட்டுச் சாளரத்துப் பக்கம் போயிற்று. சிலந்தி நூல் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள். செம்பை அமுக்கி நிறைத்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி முற்றத்துக்கு வந்தாள். வெயில் நேராகச் செம்புக்குள் விழுந்தது.

ஆதிகங்கையின் வண்டல் எல்லாம் அடியில் தங்கி, மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. அதன் மட்டத்தில் துரும்பு துரும்பாக ஏதோ கிடந்தது. பாகீரதி குனிந்து பார்த்தாள். செம்பை லேசாகத் தட்டினாள். துரும்புகள் வெடுக்கென்று உடம்பை வளைத்துக்கொண்டு உள்ளே போயின. மறுபடியும் மேலே வந்தன. வந்து நீட்டிப் படுத்துக்கொண்டன.

ஐயோ!

சந்து முழுக்க யாருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாளோ, அத்தனை பேருடைய முகமும் கண்முன்னால் வந்தது. தொங்கினால் வெறும் கொசு, படுத்திருந்தால் எமன். அவள் வாயாலேயே சொன்னது. பெண் பிழைக்க வேண்டும் என்று வாரந்தவறாமல் ஈரப்புடவையோடு சுமந்து வந்து ஊற்றினாளே, அந்தத் தண்ணீரில் அவளே வளர்த்திருக்கிறாள். புருஷனுக்குக் காய்ச்சல் கொடுத்தவள் அவள். எதிர்ச் சாளரத்து மோக்ஷதாவுக்குக் கொடுத்தவளும் அவள்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. அனந்தலக்ஷ்மி தெருவிலிருந்து வந்தவள், மடி அறைப் பக்கம் வரமாட்டாள். செம்பைக் கவிழ்த்துவிட்டு, வேறு குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொண்டுபோய்த் தெளித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர்கள் போனபின் ஜாலாவை மெள்ளக் காலி பண்ணிவிடலாம். மானம் காப்பாற்றப்படும். பாகீரதி செம்பைச் சாய்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அலிப்பூர் ஜாலா ஞாபகம் வந்தது.

செம்பை நிமிர்த்தினாள். நேரே கூடத்துக்கு நடந்து அனந்தலக்ஷ்மியின் முன்னால் வெயில் விழுகிற இடத்தில் டக்கென்று வைத்தாள்.

"மாமி, இதைப் பாருங்கோ."

"தீர்த்தத்துல என்ன தூசு?"

"தூசு இல்லை. கூத்தாடி. மலேரியாக் கொசுவோட கூத்தாடி. ஊரெல்லாம் போய் மண்ணெண்ணெய் விட்டேனே, என் மடி அறையிலதான் எமனை வெச்சு வளர்த்திருக்கேன். போன தரம் குளத்துக் கொசு. இந்தத் தரம் என் கொசு."

அனந்தலக்ஷ்மி செம்பைப் பார்த்தாள், பாகீரதியைப் பார்த்தாள். "கங்கையிலயா? என்ன பேத்தறேள்? கங்கையில புழு வைக்குமோ?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இதோ நெளியறதே, கண் பொய் சொல்லுமா? கங்கை ஓடற வரைக்கும் கங்கை. பிடிச்சு ஜாடியில அடைச்சு இருட்டுல வெச்சா அதுவும் தேங்கின தண்ணிதான். மாமி, உங்காத்து ஜாலாவுக்கு மேல என்ன போட்டிருக்கேள்?"

"தாம்பாளம்" என்றாள் அனந்தலக்ஷ்மி மெதுவாக. "அந்த மண்மூடியை மீன்காரி பக்கத்துல வெச்சு விக்கறா. அதை எப்படி வாங்கறது?"

"அதையேதான் நானும் சொன்னேன்."

"இடுக்கு இருக்கு மாமி. ஓரத்துல கொஞ்சம் இடுக்கு இருக்கு." சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. "இவ படுக்கறதுக்கு அந்த அறைக்கு அடுத்த அறையைத்தான் பெருக்கி வெச்சுட்டு வந்தேன்."

வாசலில் குதிரை காலை மாற்றி வைத்தது கேட்டது. அப்புறம் பாகீரதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். செருகிய மாத்திரத்தில் பழைய பாகீரதி திரும்பி வந்துவிட்டாள்.

"வாங்கோ, பிடிக்கணும். ஒருத்தியால சாய்க்க முடியாது."

"நான் மடியில்லையே..."

"ஜாலாவே மடியில்லை, நீங்க என்ன மடி? வாங்கோ!" என்றவள், மடி அறைக்குள் போய்ச் சாளரத்தைத் திறந்து எதிர்ப்பக்கம் குரல் கொடுத்தாள். "மோக்ஷதா தீதி! எழுந்திருக்க முடியுமோ? வா. உன் ஜுரம் பிறந்த இடத்தைக் காட்டறேன்!"

மோக்ஷதா போர்வையோடு வந்தாள். மடி அறை வாசலில் தயங்கி நின்றாள். இத்தனை வருஷத்தில் மீன் சாப்பிடுகிறவர் காலடி அங்கே பட்டதில்லை. பாகீரதி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மோக்ஷதா ஜாலாவுக்குள் எட்டிப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பாகீரதி காத்திருந்தாள். "என் மீனுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் நீ சாகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோக்ஷதா ஜாலாவின் கழுத்தைப் பிடித்தாள்.

மூன்று பேருமாக அதை உருட்டிப் புரட்டி முற்றத்துக்கு இழுத்தார்கள். சாக்கடைத் துவாரத்தைப் பாகீரதி துணியால் அடைத்தாள். கங்கை சாக்கடையில் போகக் கூடாது, புழுவும் தப்பிக்கக் கூடாது. சாய்த்தார்கள். வைகாசி வெயிலில் கொதித்துக் கிடந்த செங்கல் தரையில் தண்ணீர் பரவி ஓடிற்று, ஓடின வேகத்தில் சுருங்கிற்று. மூன்று பெண்களும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று அது காய்வதைப் பார்த்தார்கள். அனந்தலக்ஷ்மி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வலைக்குள்ளிருந்து சாவித்ரி பயந்துபோய்க் கேட்டாள். "அம்மா, அது வேண்டுதல் தீர்த்தமாச்சே! கொட்டிட்டியே, ஸ்வாமி..."

"ஸ்வாமி எங்கிட்ட ஜாலா கேட்டாரா? நான்தான் பெருமைக்குச் சொன்னேன், எனக்குக் கங்கை வாசல்ல ஓடறதுன்னு. அவர் என்ன கேட்டார், ஒரு சொம்பு. அதை ஈயம் வெச்சு அடைச்சு எடுத்துண்டு போறேன். நான் வேண்டிண்டது உன்னை. நீ இருந்தா அவருக்கு அபிஷேகம் தானே நடக்கும்."

அனந்தலக்ஷ்மி வண்டியைத் திருப்பி அனுப்பப் போனாள். "இவ இங்கேயே இருக்கட்டும் மாமி. எங்காத்தைவிட இதுதான் இப்போ பத்திரம்" என்றாள்.

"வண்டியை அனுப்பாதேங்கோ! நாம அலிப்பூர் போகவேண்டாமா? உங்காத்து ஜாலா யார் சாய்க்கறது?" என்றாள் பாகீரதி.

அத்தோடு நின்றதா? கல்கத்தாவில் அப்போதிருந்த தமிழர் வீடுகளில் பாதிக்கு மேல் மடி அறையில் ஒரு கங்கை ஜாலா இருந்தது. எல்லாவற்றின் தலையிலும் ஒரு தாம்பாளம், ஓரத்தில் ஒரு இடுக்கு. இரண்டு சம்பந்திகளும் ஒரே வண்டியில் வீடு வீடாகப் போனார்கள். பாகீரதி முதல் காரியமாகத் தன் வீட்டில் நடந்ததை உரக்கச் சொல்வாள், அப்புறம் ஜாலாவைக் காட்டச் சொல்வாள். தன்னையே விட்டு வைக்காதவளிடம் யார் வாதாடுவார்கள்? மீன்காரிக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தவளிடம் அந்த மாதம் மண்மூடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோஷால் வீட்டுக் குளத்துக்கு மழை வந்ததும் ஒரு தொட்டி நிறைய மீன்குஞ்சுகள் வந்து இறங்கின. அனுப்பியது யார் என்று மோக்ஷதா கேட்கவில்லை. பாகீரதி மீனைத் தொட மாட்டாள் என்று தெரிந்ததால் ஒரு கூடை மாம்பழம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்தது.

சிவராமகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் விட்டது. மோக்ஷதாவுக்கும் விட்டது. சாவித்ரிக்கு வரவே இல்லை.

ஆனி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சாவித்ரிக்கு வலி கண்டது. அறைக்குள் மருத்துவச்சியும் பாகீரதியும். கதவுக்கு வெளியே அனந்தலக்ஷ்மி தெரிந்த ஸ்லோகத்தையெல்லாம் கலந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்து, வீல் என்று கத்திற்று. அப்படி ஒரு கத்தல்! பாட்டியின் தொண்டை என்று மோக்ஷதா சாளரத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

"பெண் குழந்தை" என்றாள் மருத்துவச்சி.

பாகீரதி அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. ரத்தமும் பிசுக்குமாக அப்படியே இரண்டு கையிலும் வாரி எடுத்துக்கொண்டு போய், மகளின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"பாருடி, முகத்தைப் பாரு" என்றாள். "நன்னாப் பாரு."